வெளிச்சத்தம் உள்ளே வருகிறது

பிடி கொஞ்சம் இறுக்கம். ஹெட்செட் ரிவ்யூவில் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும். யாரோ பின்னால் நின்று இரண்டு உள்ளங்கைகளாலும் என் தலையைப் பொத்திப் பிடித்திருக்கிற மாதிரி, வலிக்கவில்லை, ஆனால் விடவும் இல்லை. போட்ட புதிதில் எல்லா ஹெட்செட்டும் சுகமாகத்தான் இருக்கும். கடையில் போட்டுப் பார்த்து ஆகா என்று வாங்கி வந்துவிடுவார்கள், ஒரு மேட்ச் முடிவதற்குள் காது மடல் கொதிக்கும், உச்சந்தலையில் ஒரு புள்ளி நோக ஆரம்பிக்கும். அதனால்தான் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டால் வெளிச்சம் மங்குகிற வரைக்கும் கழற்றுவதில்லை என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். அக்கா, இரண்டாயிரத்துக்குள்ள ஒண்ணு சொல்லுங்க, நான் கண்ணாடி போட்டிருக்கேன், காதுக்குப் பின்னாடி அழுத்துது என்று என் வீடியோவுக்குக் கீழே எழுதுகிறான் ஒரு பையன், அவனுக்காகப் பக்கத்து வீட்டில் ஒரு பழைய மூக்குக் கண்ணாடி இரவல் வாங்கி அதையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஜன்னலுக்கு வெளியே ஓசூர் முழுவதும் கலங்கித் தெரிகிறது, தூறல் வேறு, எதிர்வீட்டு மாடியில் காய்கிற போர்வை ஒரு பெரிய மீன் மாதிரி அசைகிறது, எடுக்க மறந்துவிட்டார்கள் போல. காதுக்குள் எல்லாம் தூரமாகிவிட்டது. பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் காதை வைத்துத் தூங்கும்போது கேட்குமே, சத்தமே இல்லாத சத்தம், அது. பஞ்சு நல்ல பஞ்சுதான். மேலே சுற்றியிருக்கிற தோல்தான் நிஜத் தோல் இல்லை, ஒரு வெயில்காலம் தாங்கும், அப்புறம் கறுப்புச் செதிலாக உதிர்ந்து கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும். கால் சென்டரில் அப்படித்தான் இருந்தது. சென்னையில் இன்சூரன்ஸ் கால் சென்டரில் இருந்தபோது ஷிப்டு மாறும்போது ஒருத்தி கழற்றிக் கொடுத்ததை அடுத்தவள் மாட்டிக்கொள்ள வேண்டும், பஞ்சில் ஒருநாள் தேங்காய் எண்ணெய் வாசனை, ஒருநாள் விக்ஸ், ஒருநாள் யாரோ அழுத ஈரம். அங்கேதான் எனக்குக் காது திறந்தது. எதிர்முனையில் இருக்கிறவர் நிற்கிறாரா உட்கார்ந்திருக்கிறாரா, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா, ஹலோ சொல்வதற்கு முன்னால் இழுக்கிற மூச்சிலேயே கோபமா அழுகையா என்று சொல்லிவிடுவேன். பொற்கொடிக்குப் பாம்புக் காதுடி என்பார்கள். பாம்புக்குக் காது கிடையாது என்று யாரும் யோசித்ததில்லை.

கீலைத் திருப்பினால் ஒரு முனகல். பிளாஸ்டிக்தான், ஆனால் உள்ளே ஒரு இரும்புப் பட்டை ஓடுகிறது, வளைத்துப் பார்த்தேன், உடையாது. வயர் கொஞ்சம் குட்டை. சத்தத்துக்கு வா, பொற்கொடி, சத்தத்துக்கு வா. பேஸ் கூடுதல். குண்டு வெடித்தால் அடிவயிற்றில் தட்டுகிறது, பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் வெடித்த பிறகு அந்தப் புகை காதை விட்டுப் போவதற்கு நேரமாகிறது, அதற்குள் பக்கத்தில் வருகிறவனின் காலடி அமுங்கிவிடுகிறது. மேலே இருக்கிற மெல்லிய சத்தங்கள், கடுகு வெடிப்பது மாதிரி, கண்ணாடி நொறுங்குவது மாதிரி, அதெல்லாம் கொஞ்சம் மூடியிருக்கிறது. தட்டு போட்டு மூடிய வாணலி என்று சொல்லலாம், சனங்களுக்குப் புரியும். திரையில் என் ஆள் காலியான பயிற்சி மைதானத்தில் நடந்துகொண்டிருக்கிறான், புல்லில் ஒரு சத்தம், மண்ணில் ஒரு சத்தம், தகரக் கூரையில் ஒரு சத்தம், நடக்கிற திசை சரியாகத் தெரிகிறதா என்று கண்ணை மூடிக் கேட்கிறேன், இடது, இடது பின்னால், பின்னால். பின்னால்தான் எப்போதும் சிரமம். விலை கூடின ஹெட்செட்டிலும் பின்னால் வருகிறவனைக் கண்டுபிடிப்பது சிரமம்தான். பின்னாடி பாரு, பின்னாடி பாரு, உனக்குப் பின்னாடி ஒருத்தன் வர்றான் கேக்கலையா உனக்கு, என்று நான் கத்திய சாயங்காலங்கள் எல்லாம் இந்த ஹாலில்தான் நடந்தன. இவர் அங்கே கட்டில் ஓரத்தில் போனை வைத்துக்கொண்டு, நான் இங்கே. கல்யாணமாகி வந்த புதிதில் எங்களுக்குப் பேசிக்கொள்ள ஒன்றுமே இருக்கவில்லை, வீட்டில் பார்த்துப் பண்ணின கல்யாணம், நான் சாத்தூர், இவர் பெரியகுளம், சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா, அவ்வளவுதான். இவருடைய பேரைச் சொல்லக்கூட வாய் வராது. ஆனால் விளையாட்டில் வருகிற தீவில் குதித்து இறங்கிவிட்டால் டேய் தவமணி ஓடு, குனி, எங்கிட்ட மருந்து இருக்கு வாடா என்று தானாக வரும், இவர் அதைக் கேட்டுச் சிரிக்கிற சிரிப்பு ஹெட்செட்டிலும் ஹாலிலும் இரண்டாகக் கேட்கும், ஒன்று கொஞ்சம் பிந்தி. கல்யாணம் நடந்தது மண்டபத்தில் இல்லை, அந்தத் தீவில்தான் என்று எனக்குத் தோன்றும். பொங்கலுக்கு அப்புறம் இவர் விளையாட வருவதை விட்டுவிட்டார். தலை வலிக்குது என்றார். அப்புறம் அசதி என்றார். அப்புறம் நான் கூப்பிடுவதையே விட்டுவிட்டேன்.

இப்போது உள்ளே தூங்குகிறார். இந்த வாரம் ராத்திரி ஷிப்டு. கம்பெனியில் தகடு அடிக்கிற பிரிவில் விடிய விடிய நின்றுவிட்டு வந்து, குளித்து, சாப்பிட்டு, கதவைச் சாத்தாமலே படுத்துக்கொள்வார். முன்பெல்லாம் நான் டம்ளரை வைக்கிற சத்தத்துக்கு முழித்துவிடுவார், இப்போது எதற்கும் முழிப்பதில்லை, நல்ல தூக்கம், சுற்றி நடப்பது எதுவும் தன்னைத் தொடாத ஒருவருடைய தூக்கம். எப்படி இவ்வளவு தூரம் போனோம். சண்டை போடவில்லை. ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நான் சொல்வதற்கெல்லாம் ம். வாடகைக்காரம்மா வந்தாங்க, ம். தங்கச்சி மாசமா இருக்காளாம், ம். சீரகம் வாங்கிட்டு வாங்க என்றால் சீயக்காய் வாங்கி வந்து மேடையில் வைத்துவிட்டுப் போவார், நான் என்ன கேட்டேன் என்றுகூட மனசில் ஏறவில்லை. என் முகத்தைப் பார்த்தால் கண்ணைப் பார்ப்பதில்லை, கொஞ்சம் கீழே எங்கோ பார்க்கிறார், வெட்கப்பட ஏதோ செய்துவிட்டவர் மாதிரி. யாரோ இருக்கிறார்கள் என்று ஒருநாள் நினைத்தேன். அப்படி யாரும் இல்லை என்று மறுநாள் நினைத்தேன், யாராவது இருந்தால்கூடப் பரவாயில்லை, காரணம் என்று ஒன்று இருக்கும், யாரும் இல்லாமலே ஒரு ஆளுக்கு என்னைச் சலித்துப்போகும் என்பதுதான் பயம். பயம் ஒரே இடத்தில் சுற்றுகிறது, மின்விசிறியில் மாட்டின நூல் மாதிரி. போன வாரம் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, முதுகு காட்டிக்கொண்டே கேட்டுவிட்டேன், முகத்தைப் பார்த்துக் கேட்கிற தைரியம் இல்லை. எனக்கு இங்க யாருமே இல்லாத மாதிரி இருக்குங்க, நான் சாத்தூருக்கே போய் இருந்துக்கட்டுமா. கத்தி நின்றுவிட்டது. இவர் ஹாலில் இருந்து ம் என்றார். ம். அப்புறம் பாட்டில் மூடியைத் திறக்கிற சத்தம், தண்ணீர் குடிக்கிற சத்தம். தண்ணீர் குடிக்கிறார். நான் அன்றைக்கே பையை எடுத்து வைத்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் இடம் போட்டுவிட்டேன். வந்து கிடக்கிற இந்த ஹெட்செட்டுகளை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், வாக்குக் கொடுத்தாயிற்று, கண்ணாடிக்காரப் பையன் காத்திருக்கிறான். அழுகை வந்தால் காது பஞ்சு நனையும். வேண்டாம். மைக்குக்குப் போ.

மைக்கைக் கீழே இறக்கினால் ஒரு டிக். வளைகிறது, நிற்கிறது, பரவாயில்லை. இதில் சைட்டோன் இருக்கிறது என்று பெட்டியில் போட்டிருந்தது, மைக்கில் விழுகிற சத்தத்தை நம் காதுக்கே திருப்பிக் கொடுக்கிற வசதி, காதை மூடிக்கொண்டு பேசும்போது நாம் கத்திவிடாமல் இருப்பதற்காக. முடுக்கினேன். உடனே வீடு உள்ளே வந்துவிட்டது. அதிசயமாக இருந்தது. தூரமாகியிருந்ததெல்லாம் நெற்றிக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது, என் மூச்சு, என் வளையல், ஃபிரிட்ஜின் உறுமல், கீழ்வீட்டில் யாரோ கன்னடத்தில் போனில் பேசுவது, தூறல் ஜன்னல் தகரத்தில் விழுவது ஒவ்வொரு துளியாக. விலை கூடின மைக் வாய்க்கு முன்னால் இருப்பதை மட்டும்தான் எடுக்கும். இது மலிவு, எல்லாப் பக்கமும் காது நீட்டுகிறது. குறை என்றுதான் சொல்ல வேண்டும், வெளிச்சத்தம் உள்ளே வருகிறது, இருந்தாலும் இப்படிக் கேட்பது சுகமாக இருக்கிறது, தண்ணீருக்குள் இருந்துகொண்டு கரையைக் கேட்கிற மாதிரி, நான் இல்லாத வீட்டை நானே கேட்கிற மாதிரி, ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் இந்த வீடு இப்படித்தான் இருக்கும், ஃபிரிட்ஜ், தூறல், கன்னடம். செருப்புச் சத்தம். வீட்டுக்குள் போடுகிற ரப்பர் செருப்பு. எழுந்துவிட்டார். நான் திரும்பவில்லை, போட்டிருக்கும்போது நான் திரும்புவதில்லை, இவருக்கும் தெரியும், இதைப் போட்டால் எனக்கு ஒன்றும் கேட்காது, ஏதாவது வேண்டுமென்றால் தோளைத் தொட்டுத்தான் கூப்பிடுவார். செருப்பு ஹாலுக்கு வந்தது, எனக்குப் பின்னால் நின்றது. தோளைத் தொடவில்லை. மூச்சு. ஒருவர் பேசுவதற்கு முன்னால் இழுக்கிற மூச்சு.

"கொடி" என்றார். நெற்றிக்குள் இருந்து கூப்பிட்டது மாதிரி இருந்தது. "கொடி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்." வந்துவிட்டது, நான் பயந்துகொண்டிருந்தது வந்துவிட்டது, இப்போது சொல்லப் போகிறார், திரும்பாதே, திரும்பினால் சொல்லிவிடுவார், திரும்பாவிட்டாலும் சொல்லிவிடுவார். "ச்சே, இப்படி ஆரம்பிச்சா பயந்துருவா." தொண்டையைச் செருமினார். "பொற்கொடி, பயப்படாத. பெருசா ஒண்ணும் இல்ல." அப்போதுதான் புரிந்தது, இவர் என்னிடம் பேசவில்லை. எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, என் முதுகை வைத்து ஒத்திகை பார்க்கிறார். என் விரல் முன்னே நடக்கிற பொத்தானை அழுத்தியபடியே நின்றுவிட்டது, திரையில் என் ஆள் ஒரு சுவரில் போய் முட்டி, நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருக்கிறான், சரக் சரக் சரக். "கம்பெனியில காது டெஸ்ட் எடுத்தாங்க. வருஷா வருஷம் எடுக்கிறதுதான். சின்ன ரூம்ல உக்கார வச்சு, சத்தம் கேட்டா பட்டன அமுக்குன்னாங்க. நான் அமுக்கவே இல்லையாம் கொடி. இவங்க இன்னும் ஆரம்பிக்கலபோலன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்." சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு பாதியில் நின்றது. "லைன்ல இருந்து எடுத்து ஸ்டோருக்கு மாத்துறாங்க. அது கெடக்கட்டும்." தூறல். கீழ்வீட்டுக் கன்னடம். சரக் சரக். "மெஷின் கேக்குது. சூப்பர்வைசர் கத்துறது கேக்குது. லாரி ஹாரன் கேக்குது. மெல்லிசான சத்தந்தான் முதல்ல போகுமாம், டாக்டர் சொல்றாரு. பொம்பளைங்க குரல், பிள்ளைங்க குரல். உன் குரல்தான் எனக்கு… நீ பேசுறது தெரியுது கொடி, என்ன பேசுறேன்னு தெரியல. எத்தன தடவதான் என்ன என்னன்னு கேக்குறது. இவன் செவிடன்னு நெனச்சுருவியோன்னு ம்-னுட்டு இருந்துட்டேன்." பெரிய மூச்சு. அப்புறம் ரொம்பத் தாழ்வாக, தனக்குத்தானே, "இல்ல, இப்படிச் சொன்னா அழுதுருவா. வேற மாதிரி சொல்லணும்." செருப்பு திரும்பி அடுப்படிப் பக்கம் போனது.

விரலை எடுக்க முடியவில்லை. எடுத்தால் நடை நின்றுவிடும், நடை நின்றால் எனக்குக் கேட்டுவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும், அவருக்குத்தான் இந்த நடைச் சத்தமே கேட்காதே, ஹெட்செட்டுக்குள் இருக்கிறதே, நான் என்ன யோசிக்கிறேன். சீரகம். சீயக்காய். சீ என்பது மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது, மற்றதை அவரே போட்டு நிரப்பியிருக்கிறார், கடைக்குப் போகிற வழியெல்லாம் சீ, சீ, என்னவாக இருக்கும், என்று யோசித்துக்கொண்டு போயிருப்பாரோ, கடைக்காரரிடம் கேட்டிருப்பாரோ, வீட்டில் பொம்பளைங்க சீ-யில் என்ன வாங்கச் சொல்லுவாங்க என்று. கண்ணுக்குக் கீழே எங்கோ பார்த்தாரே, உதட்டைப் பார்த்திருக்கிறார். நான் பேசும்போதெல்லாம் என் உதட்டைப் பார்த்து என்ன சொல்கிறேன் என்று தேடியிருக்கிறார், நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், முதுகு காட்டிப் பேசினேன், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெதுவாக, மனசு விட்டுப்போனவர்கள் பேசுகிற மாதிரி மெதுவாக. தீவில் பின்னால் வருகிறவனின் காலடி கேட்டிருக்காது, அதுதான் திரும்பத் திரும்பச் செத்துப்போனார், அதுதான் தலைவலி. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எந்த ஹெட்செட்டில் மெல்லிய சத்தம் மூடுகிறது என்று சொல்கிறேன். வீட்டுக்குள்ளேயே ஒருவருக்கு மூடிக்கொண்டிருந்தது. பிடி, இறுக்கம், பஞ்சு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சந்தோஷம் என்று ஒப்புக்கொள்ளவே பயமாக இருந்தது, ஒருவருக்குக் காது போயிருக்கிறது, நான் உள்ளுக்குள் பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டிருக்கிறேன், என்னைப் பிடிக்காமல் இல்லை, என் குரல் கேட்காமல்தான், என்னைப் பிடிக்காமல் இல்லை. ஆனால் அந்த ம். அடுப்படியில் நான் கேட்டதற்குச் சொன்ன ம். அப்படியானால் அந்தக் கேள்வி இவரிடம் போய்ச் சேரவே இல்லை. நான் போகப் போகிறேன் என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். சைட்டோனில் பாத்திரம் உருட்டுகிற சத்தம், லைட்டர் தட்டுகிற சத்தம், இஞ்சி நசுக்குகிற சத்தம், எல்லாவற்றையும் ஓங்கி ஓங்கிச் செய்கிறார், எவ்வளவு நாளாக இப்படி ஓங்கிச் செய்கிறார், அதைக்கூட நான் கோபம் என்று நினைத்திருந்தேன்.

டம்ளரோடு வந்து எனக்கு முன்னால் ஜன்னலோரமாக நின்று, கழட்டு என்று கையால் காட்டினார். கழற்றினேன். காது குளிர்ந்தது, ஹால் திடீரென்று பெரியதாகிவிட்டது. "டீ" என்றார். பக்கத்து வீட்டுக் கண்ணாடியைப் பார்த்து, "இது என்ன கண்ணாடி?" என்றார். நான் அதையும் கழற்றினேன், அவர் முகம் தெளிந்து வந்தது, தாடி முளைத்து, கண் சிவந்து, தூங்கவே இல்லை போலிருந்தது. அவர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டுச்சுங்க" என்றேன். "என்ன?" "நீங்க பேசினது. எல்லாம் கேட்டுச்சு." அவர் புரியாமல் ஹெட்செட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதப் போட்டா ஒண்ணும் கேக்காதே உனக்கு." மைக்கைத் தொட்டுக் காட்டி, "இதுல கேக்கும்" என்றேன், "வெளியில பேசுறதெல்லாம் உள்ள வரும்." டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஹெட்செட்டை எடுத்து மடியில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். அப்புறம், "அப்ப இத எனக்கே குடுத்துரு" என்றார். நான் சிரித்துவிட்டேன், சிரித்தது அழுகையில் போய் நின்றது, அழாத அழாத என்று அவர் என் முழங்காலைத் தட்டினார், அவர் கை சூடாக இருந்தது, டம்ளர் பிடித்த கை. கால் சென்டரில் ஒரு டிரெய்னர் சொல்லிக்கொடுப்பார், எதிரில் இருப்பவர் கொதித்தால் குரலைக் கீழே இறக்குங்கள், தொண்டையில் பேசாதீர்கள், நெஞ்சில் இருந்து பேசுங்கள் என்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகத்தை நேராக வைத்து, குரலை இறக்கினேன். "இப்பக் கேக்குதா?" "என்ன இது, உங்க சித்தப்பா மாதிரி பேசுற." "கேக்குதா, அதச் சொல்லுங்க." கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். அவர் முகத்தில் ஏதோ விட்டுப்போய் மறுபடி வந்த மாதிரி இருந்தது. "கேக்குது" என்றார். "நல்லாக் கேக்குது கொடி."

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பையைப் பிரித்து மறுபடி அலமாரியில் அடுக்கிவிட்டால் போயிற்று, இவருக்குத் தெரியவே வேண்டாம். ஆனால் இவர் என் முதுகுக்குப் பின்னால் நின்று அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்லிப் பார்த்திருக்கிறார், நான் சொல்லாமல் விட்டால் அந்தக் கேள்வி இந்த வீட்டுக்குள்ளேயே எங்கேயோ கேட்டுக்கொண்டே இருக்கும், எனக்கு மட்டும். "போன வாரம் அடுப்படியில இருந்து உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன்" என்றேன், நெஞ்சில் இருந்து, ஒவ்வொரு வார்த்தையாக. "நீங்க ம்-னீங்க." "என்ன கேட்ட?" "சாத்தூருக்குப் போகட்டுமான்னு." "போயிட்டு வா, அதுக்கென்ன, உங்கம்மாவப் பாத்து நாளாச்சுல்ல." "போயிட்டு வர்றதுக்கு இல்லைங்க. போய் அங்கேயே இருந்துக்கட்டுமான்னு கேட்டேன். ஞாயித்துக்கிழமை பஸ்ஸுக்கு இடம் போட்டிருக்கேன்." இந்தத் தடவை முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. அது சேர்ந்த இடத்தை நான் பார்த்தேன், கன்னத்தில் ஒரு தசை துடித்தது. "அதுக்கா நான் ம்-னேன்?" என்றார். நான் தலையசைத்தேன். டீயில் ஆடை படிய ஆரம்பித்திருந்தது. அப்புறம் அவர் முக்காலியை இழுத்துப் போட்டு, முழங்கால் இடிக்கிற மாதிரி நெருங்கி உட்கார்ந்து, என் வாய்க்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, "மறுபடி கேளு" என்றார். "எதுக்கு?" "கேளு சொல்றேன். அன்னைக்குக் கேட்ட மாதிரியே கேளு." எனக்கு இங்க யாருமே இல்லாத மாதிரி இருக்குங்க, என்று ஆரம்பித்தேன், குரலைக் கீழேயே வைத்திருக்கப் பார்த்தேன், அது நிற்கவில்லை, பாதியில் உடைந்து தன் பழைய இடத்துக்கே மேலே ஏறிக்கொண்டது, இவருக்குக் கேட்காத இடத்துக்கு, நான் சாத்தூருக்கே போய், என்று வரும்போது காற்றுதான் வந்தது, குரலே இல்லை, உதடு மட்டும் அசைந்தது, நான் கேட்டு முடிப்பதற்குள் "வேணாம்" என்றார்.